பிரிவின் வரவு செலவு: 1965 விட்டுச்சென்ற கணக்கு

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கதையை நம் இளைஞர்கள் பலர் தூரத்து நாட்டுத் தொடர் நாடகம் போலப் பார்த்தார்கள். 2016 ஜூன் 23-இல் வாக்கெடுப்பு. 2020 ஜனவரி 31-இல் வெளியேற்றம். இடையில் மூன்றரை ஆண்டு இழுபறி. இரண்டு பிரதமர்கள் பதவி விலகினார்கள். ‘ஒரு நாடு விலகுவதற்கு இவ்வளவு பாடா?’ என்று என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் கேட்டதுண்டு.

இந்தப் பாடு நமக்குப் புதிதில்லை. அரசியலும் வாணிபமும் பின்னிப் பிணைந்த ஒரு கூட்டிலிருந்து ஒரு பகுதி பிரிந்து போனதை இந்த நாடு கண்டிருக்கிறது. அதுவும் ஒரே நாளில். 1965 ஆகஸ்டு 9, திங்கட்கிழமை, சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தது. நாடாளுமன்றத்தில் அன்றைக்கே எல்லாம் முடிந்தது. கணக்கு வழக்கு தீரத்தான் பல பத்தாண்டுகள் ஆயின. சில இன்னும் தீரவில்லை.

பழங்கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். சபா, சரவாக் மாநிலங்களின் உரிமை பற்றிய பேச்சு சூடேறும்போதெல்லாம், ‘பேசாமல் பிரிந்து போனால் என்ன? சிங்கப்பூர் பிரிந்து போய்க் கெட்டா போனது?’ என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் இதே பேச்சை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், 1965-இன் வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிள்ளானில் சரக்கு முகவர் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையிலும், ரயில்வே குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையிலும் எனக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் நெருக்கமானது.

சேர்ந்தபோது போட்ட கணக்கு

1963 செப்டம்பர் 16-இல் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகிய நான்கும் சேர்ந்து மலேசியா பிறந்தது. சிங்கப்பூர் சேர விரும்பியதற்குக் காரணம் வெளிப்படையானது. அது இயற்கை வளம் இல்லாத தீவு. குடிநீரே ஜொகூரிலிருந்து போக வேண்டும். வேலை தேடும் இளைஞர் கூட்டமோ பெருகிக்கொண்டிருந்தது. ஆலைகள் கட்டலாம், ஆனால் செய்த பொருளை விற்க ஒரு பெரிய சந்தை வேண்டுமே? அந்தச் சந்தை மலாயா. ஆகவே ‘பொதுச் சந்தை’ ஒன்றை அமைப்பது என்று மலேசிய ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையிலேயே எழுதிக்கொண்டார்கள்.

கோலாலம்பூரின் கவலை வேறு. சிங்கப்பூரில் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்தால் தெற்கு வாசலில் பெரிய தலைவலி என்று துங்கு அப்துல் ரஹ்மான் அரசு நினைத்தது. வெளியே விடுவதைவிட உள்ளே சேர்த்துக்கொள்வது நல்லது என்பது அவர்களின் கணக்கு.

சேர்க்கைக்கு விலையும் பேசப்பட்டது. 159 நாடாளுமன்றத் தொகுதிகளில் சிங்கப்பூருக்கு 15 மட்டுமே. மக்கள்தொகைக்கு அது குறைவு. அதற்கு ஈடாகக் கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரின் கையிலேயே விடப்பட்டன. சிங்கப்பூரில் திரட்டப்படும் தேசிய வருமானத்தில் 40 விழுக்காடு கூட்டரசுக்கு; சபா, சரவாக்கின் மேம்பாட்டுக்குச் சிங்கப்பூர் 15 கோடி வெள்ளி கடன் தர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

23 மாதத்தில் கசந்தது

பொதுச் சந்தை ஏட்டோடு நின்றது. கூட்டரசு நிதியமைச்சர் டான் சியூ சின், சிங்கப்பூர் தரும் 40 விழுக்காட்டை 60 ஆக உயர்த்த வேண்டும் என்றார். சந்தையும் திறக்கவில்லை, கட்டணம் மட்டும் கூடுகிறது என்று சிங்கப்பூர் முகம் சுளித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் ஒரு பொதுச் சந்தையை விட்டு வெளியேறவில்லை. வாக்களிக்கப்பட்டும் வராத ஒரு பொதுச் சந்தையை விட்டுத்தான் வெளியேறியது. ‘விலகினால் எவ்வளவு நட்டம்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘சேர்ந்திருந்தபோது உண்மையில் என்ன கிடைத்தது’ என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அரசியல் இன்னும் வேகமாகக் கசந்தது. 1964 பொதுத் தேர்தலில் லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் போட்டியிட்டது. வென்றது ஒரே ஒரு தொகுதி. பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பங்சார்தான் அது. வென்றவர் மலாக்காவில் பிறந்த தேவன் நாயர். அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் இனக் கலவரம் வெடித்தது. ‘மலேசியர்களின் மலேசியா’ என்ற முழக்கத்துக்கு ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் கொதிப்பு.

பிரிவுப் பேச்சு இரகசியமாக நடந்தது. துன் அப்துல் ரசாக்கும் சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீயும் 1965 ஜூலையிலேயே பேசத் தொடங்கியிருந்தார்கள். கோ கெங் சுவீ வைத்திருந்த ‘அல்பட்ராஸ்’ என்ற கோப்பு அதற்குச் சாட்சி. ஆகவே ‘துரத்தப்பட்டார்கள்’ என்பதும் முழு உண்மை இல்லை, ‘ஓடிப் போனார்கள்’ என்பதும் முழு உண்மை இல்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்த பிரிவு அது. ஆகஸ்டு 7-இல் கோலாலம்பூரில் கையெழுத்து. யாழ்ப்பாணத்தில் பிறந்து செரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் கையெழுத்திடத் தயங்கினார். அவருக்குச் சொந்த ஊரே வெளிநாடாகப் போகிறது அல்லவா? ஆகஸ்டு 9-இல் நாடாளுமன்றம் 126-க்கு பூஜ்யம் என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது.

தேவன் நாயரின் நிலையை நினைத்துப் பாருங்கள். கட்சியின் தலைமையகம் வேறு நாடாகிவிட்டது. அவரோ 1969 வரை பங்சார் உறுப்பினராகக் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் இருந்தார். ஜனநாயக செயல் கட்சி உருவாக அவரே காரணமானார். பிறகு சிங்கப்பூர் திரும்பி 1981-இல் அந்நாட்டு அதிபரானார். ஒரு மனிதரின் வாழ்க்கையே எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றது.

சிங்கப்பூரின் ஏடு

செலவுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். அன்று சிங்கப்பூரின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. உழைக்கும் வயதினரில் பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. இந்தோனேசியாவின் ‘கொன்ஃப்ரொந்தாசி’ மோதலால் அந்தப் பக்க வாணிபம் நின்றிருந்தது. சொந்தமாக இராணுவம் வேண்டியிருந்தது. 1967-இல் கட்டாய தேசிய சேவை வந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் இராணுவத் தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. தொலைக்காட்சியில் லீ குவான் இயூ கண்ணீர் விட்டது நடிப்பு என்று இன்றும் சிலர் சொல்வார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் அழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வரவுப் பக்கம்: முடிவெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலாயாச் சந்தை இல்லை என்றானதும் உலகத்தையே சந்தையாகக் கொண்டு வெளிநாட்டு நிறுவனங்களை ஜூரோங் தொழிற்பேட்டைக்கு அழைத்தார்கள். வரி, நாணயம், துறைமுகம், குடியிருப்பு எல்லாம் ஒரே கையில் இருந்தன. இன்று அந்நாட்டின் தலைக்கு வருமானம் நம்முடையதைப் போல் சுமார் ஏழு மடங்கு.

இதைக் காட்டித்தான் ‘பிரிந்தால் உயரலாம்’ என்கிறார்கள். ஆனால் அந்த உயர்வில் பிரிவின் பங்கு எவ்வளவு, பிரிந்த பிறகு செய்த வேலையின் பங்கு எவ்வளவு? பொருளாதார மேம்பாட்டுக் கழகம் 1961-இலேயே, அதாவது மலேசியா பிறப்பதற்கு முன்பே, அமைந்துவிட்டது. ஆசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று கைவசம் இருந்தது. மேற்கத்திய நிறுவனங்களும் ஜப்பானிய நிறுவனங்களும் மலிவான இடம் தேடி வெளியே வந்துகொண்டிருந்த காலம் அது. பிரிவு கதவைத் திறந்துவிட்டது உண்மை. திறந்த கதவு வழியாகக் காற்று வீசியது காலத்தின் கொடை. ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தக் காற்று வீசும் என்று யாரும் உறுதி தர முடியாது.

நம் ஏடு

நம் பக்க வரவைப் பார்க்க வேண்டுமானால் கிள்ளானுக்கு வாருங்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் 1901-இல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் ரயில்வே நிர்வாகமே அதை நடத்தியது. 1963 ஜூலை 1-இல்தான் துறைமுக ஆணையம் அமைந்தது. அந்தக் காலத்தில் மலாயாவின் ரப்பரும் ஈயமும் பெருமளவு சிங்கப்பூர் வழியாகவும் பினாங்கு வழியாகவும் போயின. சிங்கப்பூர் நம் நாடாக இருந்தவரை, இன்னொரு பெரிய துறைமுகம் எதற்கு என்று கேட்க முடிந்தது. அது அயல்நாடு ஆன பிறகு நம் சரக்கை நம் வாசல் வழியாக அனுப்புவது கட்டாயமானது.

1972-இல் அது ‘போர்ட் கிள்ளான்’ ஆனது. 1973-இல் கொள்கலன் முனையம் வந்தது. 1993-இல் நாட்டின் சரக்கு மையம் இதுவே என்று அரசு கொள்கை வகுத்தது. 2024-இல் கிள்ளான் கையாண்டது 1 கோடியே 46 லட்சம் கொள்கலன்கள் (20 அடிக் கணக்கில்). சிங்கப்பூர் 4 கோடியே 11 லட்சம். இடைவெளி பெரியதுதான். ஆனாலும் கிள்ளானில் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு இந்தத் துறைமுகத்தால் எரிகிறது என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். கொள்கலன் லாரி ஓட்டுநர், கிடங்குக் கணக்கர், சுங்கப் பத்திரம் தயாரிப்பவர், பாரந்தூக்கி இயக்குபவர் என்று நம்மவர்கள் இல்லாத இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னும் உண்டு. பிரிவுக்கு மூன்று வாரம் கழித்து, 1965 ஆகஸ்டு 30-இல் சுபாங் அனைத்துலக விமான நிலையம் திறந்தது. 1967-இல் பேங்க் நெகாரா சொந்த நாணயத்தை வெளியிட்டது. சொந்த நாணயம் இருந்ததால்தான் 1998 நெருக்கடியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைக்க முடிந்தது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். முடிவெடுக்கும் சாவி நம் கையில் இருந்தது.

நம் செலவு என்ன? நாட்டின் முதன்மையான நிதி மையத்தையும் துறைமுகத்தையும் இழந்தோம். அங்கே இருந்ததை எல்லாம் இங்கே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக வேலையைப் பங்குபோட்டிருக்க வேண்டிய இரண்டு நகரங்கள், ஒரே வாடிக்கையாளருக்காக மோதிக்கொண்டன. 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாஸுக்கு வந்தபோது நாம் மகிழ்ந்தோம், அவர்கள் அதிர்ந்தார்கள். கப்பல் நிறுவனங்களுக்குத்தான் இந்தப் போட்டியில் நல்ல பேரம்.

எழுதி வைத்ததும் வைக்காததும்

வரவையும் செலவையும் அடுக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பிரியும்போது அளவும் விலையும் ஆண்டும் போட்டு எழுதி வைத்தவை நிலைத்தன. ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டவை எல்லாம் பத்தாண்டுக் கணக்கில் இழுத்தன.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென். 2061 வரை. 1965 பிரிவு ஒப்பந்தத்திலேயே இதற்கு உறுதி எழுதப்பட்டது. 3 சென் இன்று கேலிக்குரிய விலை என்று நாம் குமுறுகிறோம். அவர்கள் சுத்திகரித்த தண்ணீரை 50 சென்னுக்குத் திருப்பித் தருவதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். வாய்ச்சண்டை எத்தனையோ நடந்துவிட்டது. ஒப்பந்தம் மட்டும் முறியவில்லை. மற்றொருவரை நம்பியிருக்கும் பயத்தில் சிங்கப்பூர் மறுசுழற்சி நீரையும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் வளர்த்துக்கொண்டது தனிக்கதை.

இப்போது ரயிலுக்கு வாருங்கள். 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையமும், தீவின் குறுக்கே ஓடும் தண்டவாள நிலமும் பிரிவுக்குப் பின்னும் மலாயா ரயில்வேயிடமே இருந்தன. வேறு நாட்டின் நடுவயிற்றில் நமக்கு நிலம்! எப்படித் தீர்ப்பது என்று 1965-இல் யாரும் தீர்க்கவில்லை. 1990-இல் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு இரண்டு தரப்பும் இரண்டு பொருள் சொன்னார்கள். 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. நம் சாவடி தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. அதனால் வடக்கே வரும் பயணி சிங்கப்பூரை விட்டுப் புறப்படும் முன்பே தாள்களில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டிருப்பார். இந்த வேடிக்கை 2010-இல் நிலமாற்று உடன்பாடு ஏற்பட்ட பிறகே ஓய்ந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். பிரிந்து 46 ஆண்டு ஆகியிருந்தது.

நாணயமும் அப்படியே. பொது நாணயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள், பேச்சு முறிந்தது. 1967 ஜூன் 12-இல் இரண்டு நாடும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. 1973 மே வரை ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி சமம். இங்கும் அங்கும் செல்லும். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். கூட்டாக நடத்திய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972-இல் இரண்டானது. பங்குச் சந்தை 1973-இல் இரண்டானது. அதன் பின்னும் ‘கிளாப்’ என்ற சந்தையில் மலேசியப் பங்குகள் சிங்கப்பூரில் கைமாறிக்கொண்டிருந்தன. 1998-இல் நாம் கதவைச் சாத்தியபோது முதலீட்டாளர்களின் பணம் முடங்கியது.

எதிர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டத்தை 2016-இல் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கினோம். கெடு முடிந்து 2021 புத்தாண்டன்று அது கைவிடப்பட்டது. விலகினால் என்ன தர வேண்டும் என்று முன்பே எழுதியிருந்ததால் 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தோம். விஷயம் அதோடு முடிந்தது. வருத்தம் இருந்தது, பல்லாண்டுச் சண்டை இல்லை.

வீடுகளின் கணக்கு

நாடுகளின் ஏட்டில் வராத இன்னொரு கணக்கு உண்டு. என் தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, தஞ்சோங் பகாரில். ஒரே நிர்வாகம், ஒரே சீருடை. இரவு ரயிலில் ஏறினால் காலையில் தம்பி வீட்டில் பசியாறலாம். 1967-இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. சின்னத் தாத்தா பிள்ளைகளின் படிப்புக்காக அங்கேயே குடியுரிமை எடுத்துக்கொண்டார். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் காதுகுத்துக்கு வருவது குறைந்தது. பிறகு துக்கத்துக்கு மட்டும் வந்தார்கள். என் தலைமுறையில் பெயர் தெரியும், முகம் தெரியாது. இப்படி ஆன குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒன்றிரண்டு அல்ல.

மொழியின் கதையும் இரண்டானது. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ மலாயாவெங்கும் வாசிக்கப்பட்டது. 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள் இரண்டு கரையிலும் கொண்டாடப்பட்டது. இன்று மலேசியத் தமிழ் இலக்கியம் வேறு, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் வேறு. லாப நட்டமும் விசித்திரமாகப் பிரிந்தது. அங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் தமிழில் பாடம் நடத்திய உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இங்கே தமிழுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. அரியணை அங்கே, அடுப்பு இங்கே. எது பெரிது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

அடுத்த தலைமுறையைப் பாருங்கள். என் அக்கா மகன் ஜொகூர் பாருவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிறான். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் கடக்கும் பாலம் அது. சின்னத் தாத்தாவை அயலாராக்கிய அதே கோடுதான் இவனுக்கு மூன்று மடங்கு சம்பளம் தருகிறது. வாரக் கடைசியில் கிள்ளானுக்கு வந்தால் பாதி நேரம் தூங்குகிறான். அவன் அம்மாவுக்கு இந்தப் பிரிவு லாபமா நட்டமா என்று கேட்டால், சம்பள நாளில் ஒரு பதில், மற்ற நாளில் ஒரு பதில்.

அறுத்ததை மறுபடி தைக்கிறார்கள்

2025 ஜனவரி 7-இல் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் ஓட வேண்டும் என்பது இலக்கு. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 1963-இல் ஏட்டில் எழுதிய பொதுச் சந்தையின் ஒரு பகுதி, அறுபது ஆண்டு கழித்து, இரண்டு தனி நாடுகளின் கையெழுத்தோடு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரை மாற்ற முடியாது. பிரிந்தவர்களும் ஒருநாள் பேசித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டன் கதையிலும் இதே பாடம். வாக்குச் சீட்டில் ‘இருப்பதா, விலகுவதா’ என்ற கேள்வி மட்டும் இருந்தது. எப்படி விலகுவது, விலகிய பின் என்ன என்று எதுவும் இல்லை. 51.9 விழுக்காட்டினர் விலகச் சொன்னார்கள். பிறகுதான் வட அயர்லாந்து எல்லையை என்ன செய்வது என்று விழித்தார்கள். அதற்கான ஏற்பாட்டை 2023-இல் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. நீண்ட கால நோக்கில் உற்பத்தித்திறன் 4 விழுக்காடு குறையும் என்பது அந்நாட்டு வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. வரவும் உண்டு. தன் வணிக உடன்பாடுகளைத் தானே பேச முடிகிறது. 2024 டிசம்பரில் நாமும் இருக்கும் சிபிடிபிபி அமைப்பில் சேர்ந்தது. அதன் பயனாக நம் பாமாயில் மீதான வரியை நீக்க ஒப்புக்கொண்டது. அவர்களின் பிரிவில் நமக்கும் ஒரு சிறு வரவு!

கிழக்குக் கரையின் குரல்

இப்போது சபா, சரவாக்குக்கு வருவோம். 1963-இல் 159 தொகுதிகளில் சிங்கப்பூர், சபா, சரவாக் மூன்றுக்குமாக 55. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிங்கப்பூர் போனதும் அந்தத் தராசு சாய்ந்தது. இன்று 222-இல் சபா, சரவாக், லாபுவான் சேர்ந்து 57. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பிரிவின் போது அவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை. ஒருவர் விலகினால் எஞ்சியிருப்பவர்களின் ஒப்பந்தமும் மாறிவிடுகிறது என்பதற்கு அவர்களே சாட்சி.

சபாவின் 20 அம்சக் கோரிக்கையில் ஏழாவது அம்சம், கூட்டரசிலிருந்து விலகும் உரிமை கிடையாது என்கிறது. அங்கே உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்று கேட்பது விலகலை இல்லை. எழுதியதைக் கொடுங்கள் என்பதைத்தான். வருமானப் பங்கு, எண்ணெய் உரிமை, மூன்றில் ஒரு பங்கு இடம். எழுதிய பொதுச் சந்தையைக் கொடுக்காமல் விட்ட கதை எப்படி முடிந்தது என்பதைத் தீபகற்பத்தில் இருக்கும் நாம் மறக்கக்கூடாது.

ஆகவே இனி யாராவது ‘பிரிந்தால் நல்லது’ என்றோ ‘பிரிந்தால் அழிவு’ என்றோ அடித்துச் சொன்னால், நான் நான்கு கேள்வி கேட்பேன். சேர்ந்திருந்தபோது வாக்களித்தது உண்மையில் கிடைத்ததா? பிரிந்த மறுநாள் தண்ணீர், நாணயம், தண்டவாளம், குடியுரிமை இவற்றுக்கு என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? பிரிந்த பின் உழைப்பதற்குத் திட்டமும் ஆளும் உண்டா? கோட்டின் இரண்டு பக்கமும் உறவு உள்ள குடும்பங்களுக்கு என்ன வழி?

நான்குக்கும் பதில் இருந்தால் பிரிவுகூட இரண்டு பக்கமும் தாங்கக்கூடிய ஒரு கணக்காகிவிடும். பதில் இல்லையென்றால், மேடையில் கைதட்டு வாங்குபவர் ஒருவர். நாலரை மணிக்கு எழுந்து பாலத்தில் நிற்பவர் வேறொருவர்.